எட்டாவது ஓலை

காட்டு ஏரியின் தென்கரையில் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் பொந்தில், நொச்சி என்ற சருகுமான் தன் மகள் குன்றியோடு குடியிருந்தாள்.

சருகுமான் ஒரு பூனை அளவுதான் இருக்கும். கொம்பு கிடையாது. சண்டைக்கு உதவும் பல்லோ நகமோ கிடையாது. ஆபத்து வந்தால் சருகோடு சருகாக அசையாமல் நின்றுவிடும். அதற்கும் வழியில்லையென்றால் தண்ணீரில் முங்கி மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொள்ளும். சத்தம் மட்டும் போடாது. சத்தம் போட்ட சருகுமான் பிழைத்ததில்லை என்று அவர்கள் குலத்தில் எல்லோரும் நம்பினார்கள். நொச்சி தும்மல் வந்தால்கூட மூக்கைச் சேற்றில் புதைத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் நல்ல மழை. ஏரி தளும்பியது. கரையெல்லாம் புல், புதரெல்லாம் பழம். குட்டிகளுக்கு வயிறு நிறைந்தது, பொழுதுதான் போகவில்லை. "அம்மா, என்ன செய்யட்டும்? அம்மா, எங்கே போகட்டும்?" என்று தாய்மாரைப் பிய்த்து எடுத்தார்கள்.

அப்போதுதான் கடம்பன் என்ற மலை அணிலுக்கு ஒரு யோசனை வந்தது. கடம்பனுக்கு உடம்பைவிட வால் நீளம். வாலைவிட வாய் நீளம். கதை சொல்வதில் அவனை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது.

மர உச்சியில் நின்று கூவினான்.

"பிள்ளைகளா, எல்லாரும் வாங்க! ஏரியைச் சுத்தி ஏழு கதைப்பெட்டி ஒளிச்சு வெச்சிருக்கேன்! ஒவ்வொரு பெட்டியிலும் கொஞ்சம் கதை. கதையைக் கவனமாப் படிச்சா அடுத்த பெட்டி எங்கே இருக்குன்னு தெரியும். ஏழாவது பெட்டியிலே புதையல்!"

"என்ன புதையல் மாமா?" என்று கத்தினான் துத்தி. அவன் கோரை என்ற முயலின் மகன்.

"சொன்னா அது புதையலா, மடையா? போய்ப் பாரு!"

பெட்டிகள் பாக்கு மட்டையை மடித்துச் செய்தவை. கடம்பன் தன் பல்லால் ஓலையில் புள்ளி புள்ளியாகக் குத்திக் கதையை எழுதியிருந்தான். முதல் ஓலையில் இப்படி இருந்தது:

"ஒரு நாள் காலையிலே நத்தை கண்ணைத் திறந்துச்சு. முதுகு லேசா இருந்துச்சு. திரும்பிப் பார்த்தா வீட்டைக் காணோம்! ‘ஐயோ, என் வீட்டை யார் எடுத்தது?’ன்னு அழுதுகிட்டே, தவளைங்க உட்கார்ந்து குளிர் காயுமே ஒரு பாறை, அந்தப் பக்கம் நகர்ந்துச்சு."

அவ்வளவுதான். குட்டிகள் எல்லோரும் தவளைப் பாறைக்கு ஓடினார்கள். அங்கே இரண்டாவது பெட்டி. அங்கிருந்து இலவ மரத்துக்கு. அங்கிருந்து தாழம்புதருக்கு. இப்படியே ஏரியைச் சுற்றி வந்தால், வடகரையில் நாவல் மரத்து வேரடியில் ஏழாவது பெட்டி. அதில் நத்தைக்கு வீடு கிடைத்துவிடும். குட்டிகளுக்கு ஒரு துண்டு தேனடை கிடைத்துவிடும்.

இதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. கடம்பன் இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தான்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பெரிய தேக்கிலையும் கொஞ்சம் செம்மண் குழம்பும் வைத்தான். வந்த பிள்ளை காலைக் குழம்பில் தோய்த்து இலையில் தன் தடத்தைப் பதிக்க வேண்டும். காலையில் வந்தால் தடத்துக்கு மேலே ஒரு புள்ளி. மாலையில் வந்தால் கீழே ஒரு புள்ளி. அம்மா அப்பா துணையில்லாமல் தனியாக வந்த பிள்ளை, தன் தடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொள்ளலாம்.

அந்த வட்டத்துக்கு வந்த மவுசு தேனடைக்குக்கூட வரவில்லை! மாலையில் கடம்பன் இலைகளைப் பார்த்துவிட்டு மரத்தில் நின்று அறிவிப்பான். "துத்திக்கு இன்னிக்கும் ஏழு வட்டம்! மொத்தம் முப்பத்தஞ்சு! என் மகள் சிட்டுக்கு இருபத்தெட்டு!" கோரைக்குப் பெருமை தாங்காது. "என் பிள்ளை பிறந்தப்பவே அப்படித்தான்! கண் திறக்கறதுக்கு முன்னாலேயே ஓடினான்!" என்பாள். பெற்றோரோடு வந்த பிள்ளைகளின் பெயரைக் கடம்பன் வாசிப்பதே இல்லை.

குன்றியோடு நொச்சி போனாள். எல்லா நாளும் போனாள்.

"அம்மா, நீ பின்னாலேயே வந்தா எனக்கு வட்டம் கிடைக்காதும்மா. ஒரு பத்தடி தள்ளி வாயேன்!"

"பத்தடி தள்ளி வந்தாலும் வந்ததுதானே? பொய் வட்டம் போடுவியா?"

துத்தி புதருக்குப் பின்னால் இருந்து பாடினான். "அம்மா வாலு! அம்மா வாலு! குன்றிக்கு வால் முளைச்சிருக்கு, வாலுக்கு நாலு கால் இருக்கு!"

"உனக்கு இருக்கறது அரை விரல் வாலு. நீ பேசறியா?" என்று குன்றி திருப்பிக் கொடுத்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள்.

ஆறாம் நாள் இலவ மரத்துப் பெட்டியில் நொச்சி அதைப் பார்த்தாள்.

தேக்கிலையில் குட்டிகளின் தடங்களுக்கு நடுவே ஒரு தடம். வட்டமாக, மெத்தென்று, பெரிதாக. நான்கு விரல் இருந்தது. நகம் இல்லை. முயலுக்கு நகம் பதியும். அணிலுக்குப் பதியும். கீரிக்குப் பதியும். நகத்தை உறைக்குள் வைத்துக்கொண்டு நடப்பது யார்?

நொச்சி சட்டென்று பெட்டியை மூடினாள். "குன்றி, வா. வீட்டுக்குப் போகலாம்."

"இன்னும் நாலு பெட்டி இருக்கும்மா!"

"வான்னா வா!"

அன்று மாலை எல்லோரும் கூடியிருக்கும்போது கடம்பனிடம் போய் நின்றாள். அவள் குரல் எப்போதும்போல் சருகுக்குக்கூடக் கேட்காத குரல்.

"அண்ணே… மூணாவது பெட்டியிலே ஒரு தடம் இருக்கு. நகமே இல்லாத தடம். எனக்கென்னவோ காட்டுப்பூனை வந்திருக்குமோன்னு…"

"என்னது? சத்தமாச் சொல்லு! காட்டுப்பூனையா? காட்டுப்பூனைக்கு நத்தைக் கதை கேட்க ஆசையாமா?"

கூட்டம் சிரித்தது. கோரைதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். "ஏன்டி நொச்சி, உனக்குச் சருகு விழுந்தா இடி விழுந்த மாதிரி! மழைத் துளி சொட்டித் தடம் கலைஞ்சிருக்கும். அதுக்குப் போய்ப் பூனை, புலின்னுகிட்டு!"

"பேசாம ஒண்ணு செய்யி," என்றான் கடம்பன். "உனக்கும் சேர்த்து ஒரு வட்டம் போட்டுத் தர்றேன். பயம் தெளிஞ்சிடும்!"

மறுபடியும் சிரிப்பு. நொச்சியும் சிரித்தாள். சிரிக்கவில்லையென்றால் இன்னும் கேலி செய்வார்களே! "ஆமாண்ணே, மழையாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து குன்றியை வெளியே விடவில்லை.

"ஏம்மா போகக் கூடாது?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"ஏன்னு சொல்லேன்!"

நொச்சி சொல்லவில்லை. குழந்தை பயந்துவிடும் என்று நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்துத் துத்தி வீட்டுக்குத் திரும்பவில்லை.

காலையில் போனவன். உச்சிப்பொழுது வரை கோரை கவலைப்படவில்லை. வெயில் சாய்ந்ததும் புதர் புதராகக் குரல் கொடுத்துக்கொண்டு ஓடினாள். "துத்தி! டேய் துத்தி! விளையாடினது போதும்டா, வெளியே வாடா!" பொழுது மறையும்போது அவள் குரல் உடைந்துவிட்டது.

"பருந்தாத்தான் இருக்கும்," என்றான் கடம்பன். "நேத்து மேலே ஒண்ணு வட்டம் போட்டுக்கிட்டிருந்ததை நானே பார்த்தேன்."

எல்லோரும் பருந்து என்றார்கள். நொச்சி கோரையின் வளை வரை போனாள். உள்ளே கோரை தரையில் முகத்தை வைத்துப் படுத்திருந்தாள். இப்போது போய் என்ன சொல்வது? அழுகிற தாயிடம் இதையா சொல்வது? பருந்தாகவும் இருக்கலாமே! நொச்சி வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்துவிட்டாள்.

துத்தி காணாமல் போன நான்காம் நாள் சாம்பி என்ற காட்டுக்கோழியின் குஞ்சைக் காணவில்லை. அதுவும் தனியாகப் போன பிள்ளைதான்.

அன்று குன்றி தூங்கிக்கொண்டிருந்தபோது நொச்சி குறுக்கு வழியாக இலவ மரத்துக்குப் போனாள். பெட்டியைத் திறந்து தேக்கிலையை விரித்தாள். இந்த முறை நின்று நிதானமாகப் பார்த்தாள்.

துத்தியின் தடங்கள் ஒரே வரிசையாக இருந்தன. எல்லாவற்றையும் சுற்றி வட்டம். எல்லாவற்றுக்கும் மேலே புள்ளி. கோழிக்குஞ்சின் தடங்கள் பக்கத்தில் இருந்தன. எல்லாவற்றையும் சுற்றி வட்டம். எல்லாவற்றுக்கும் கீழே புள்ளி.

யார் சின்னப் பிள்ளை, யார் தனியாக வரும், எந்த வழியில் வரும், எந்தப் பொழுதில் வரும் என்று, கேட்காமலே, ஏழு இடத்தில், செம்மண்ணில் எழுதி வைத்திருக்கிறார்களே! இதைப் படிக்கிறவன் தேடி அலையவே வேண்டாமே! பசிக்கும்போது வந்து காத்திருந்தால் போதுமே!

"இன்னிக்குச் சொல்லிடணும். சிரிச்சாலும் பரவாயில்லை, சொல்லிடணும்," என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள். குன்றியைக் கையோடு கூட்டிக்கொண்டு கடம்பனிடம் போகலாம் என்று நினைத்தாள்.

பொந்து காலியாக இருந்தது.

படுக்கைச் சருகில் சூடு ஆறவில்லை. வாசலில் சின்னக் குளம்புகள் கிழக்கே போயிருந்தன. கிழக்கேதான் முதல் பெட்டி.

நொச்சி ஓடினாள். முதல் பெட்டியில் குன்றியின் தடம் இருந்தது. அதைச் சுற்றிக் கோணல்மாணலாக ஒரு வட்டம். பாவம், முதல் முறை போடுகிறாள் அல்லவா? தவளைப் பாறையில் இன்னொன்று. இது கொஞ்சம் நேராக இருந்தது. மண் ஈரமாக மின்னியது.

இலவ மரத்துக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். சற்று முன் அவள் விரித்துப் பார்த்த அதே இலை. அப்போது இல்லாத ஒரு தடம் இப்போது அதில் இருந்தது. சுற்றி வட்டம். கீழே புள்ளி.

அதற்குமேல் அவள் பெட்டி பெட்டியாகப் போகவில்லை. கரையை விட்டுப் புதருக்குள் பாய்ந்து நேராக வடகரைக்கு ஓடினாள். முள் கிழித்தது. தெரியவில்லை. மேலே ஒரு கிளையில் கடம்பன் உட்கார்ந்திருந்தான்.

"என்ன நொச்சி, கடைசியிலே நீயும் புதையலுக்குக் கிளம்பிட்டியா?"

"குன்றி!" என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பிறந்ததிலிருந்து கத்தியிராத தொண்டை அது. கடம்பனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் நிற்கவில்லை.

நாவல் மரத்தடியில் ஏழாவது பெட்டி திறந்து கிடந்தது. தேனடை அப்படியே இருந்தது. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஓர் ஓலை விரிந்து கிடந்தது. நத்தைக் கதை ஏழாவது ஓலையோடு முடிந்துவிட வேண்டும். இது எட்டாவது.

இதில் பல் குத்திய புள்ளிகள் இல்லை. நீளநீளமான கீறல்கள். நகத்தால் கிழித்து எழுதிய கீறல்கள்.

"கதை இன்னும் முடியலை. நத்தை தன் வீட்டுக்குள்ளே நுழைஞ்சா, உள்ளே வேறே யாரோ இருந்தாங்க! யாரு? வட்டம் போட்ட வீரர்களுக்கு மட்டும் சொல்வேன். நாணலைத் தாண்டி வேர்க்குகைக்கு வா. சத்தம் போடாம வா. யாரையும் கூட்டிக்கிட்டு வராதே."

நொச்சி நாணலுக்குள் நுழைந்தாள்.

நாணல் முடியும் இடத்தில் ஒரு பெரிய மரம் தன் வேர்களைத் தண்ணீர் ஓரமாக இறக்கியிருந்தது. வேர்களுக்கு அடியில் இருட்டாக ஒரு குகை. குகை வாசலில் காட்டுப்பூனை உட்கார்ந்திருந்தது. வாலைக் கால்களைச் சுற்றி அழகாக மடித்து வைத்திருந்தது. அதற்கு எட்டடி தூரத்தில் குன்றி. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் அங்கேயே நின்னுட்டே, கண்ணு?" என்றது பூனை. அதன் குரல் பஞ்சுபோல் இருந்தது.

"நீங்க யாரு? கடம்பன் மாமா எங்கே?"

"நான்தான் கதையோட கடைசியிலே வர்ற ஆளு. மாமாதான் என்னை இங்கே உட்காரச் சொன்னாரு. இன்னிக்கு எத்தனை வட்டம் போட்டே?"

"ஏழு!"

"ஏழா! அம்மா துணைக்கு வரலையா?"

"அம்மா வெளியே போயிருந்தாங்க. நான் தனியாவே வந்துட்டேன்."

"கெட்டிக்காரி! நத்தை வீட்டுக்குள்ளே யார் இருந்தாங்கன்னு தெரிய வேண்டாமா? இன்னும் நாலடி கிட்ட வா. காதோடு சொல்றேன். உரக்கச் சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே!"

குன்றி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

நொச்சியின் நான்கு கால்களும் மண்ணில் ஊன்றிவிட்டன. உடம்பு தானாகவே கல்லாகிவிட்டது. அசையாதே, அசையாதே என்று அவள் ரத்தம் சொன்னது. அசையாமல் நின்றால் அவள் பிழைத்துவிடுவாள். பூனை இன்னும் அவளைப் பார்க்கவில்லை.

குன்றி இன்னோர் அடி எடுத்து வைத்தாள். பூனையின் பின்கால் தசைகள் மெல்ல இறுகின.

"குன்றி! தண்ணியிலே குதி!"

அது யார் குரல் என்று நொச்சிக்கே தெரியவில்லை. ஏரிக்கு அந்தக் கரையில் எதிரொலித்தது. கத்திக்கொண்டே குளம்புகளைத் தரையில் படபடவென்று அடித்தாள். "பூனை! காட்டுப்பூனை! எல்லாரும் வாங்க! குதிடி!"

பூனை பாய்ந்தது. குன்றி ஒரு பக்கமாகத் துள்ளினாள். நொச்சி இருவருக்கும் நடுவில் விழுந்தாள். அவள் பின்தொடையில் நெருப்பு பட்டதுபோல் இருந்தது. மகளைத் தலையால் முட்டித் தண்ணீருக்குள் தள்ளி, தானும் விழுந்தாள்.

அல்லி இலைகளுக்கு அடியில் இரண்டு மூக்குகள் மட்டும் வெளியே இருந்தன.

பூனை வயிறு நனையும் வரை தண்ணீரில் இறங்கியது. காலை விட்டு அங்கும் இங்கும் துழாவியது. ஒரு முறை அதன் நகம் நொச்சியின் காதை உரசிக்கொண்டு போனது. அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். ஆழத்துக்குப் போகப் பூனைக்குப் பிடிக்கவில்லை. கரையேறி உடம்பை உதறிக்கொண்டது. பிறகு கரையில் இப்படியும் அப்படியுமாக நடந்துகொண்டே பேசியது.

"குன்றி… கதை முடிவு வேண்டாமா? முயல்பிள்ளை கேட்டான். உள்ளே யாரு, உள்ளே யாருன்னு குதிச்சுக் குதிச்சுக் கேட்டான். அவனுக்குச் சொன்னேன். கோழிக்குஞ்சு ரொம்ப நேரம் யோசிச்சுட்டுத்தான் கிட்ட வந்துச்சு. அதுக்கும் சொன்னேன். உனக்கும் சொல்றேன், வா."

நொச்சி தன் கழுத்தை மகளின் கழுத்தோடு அழுத்திக்கொண்டாள். அவள் தொடையிலிருந்து ரத்தம் தண்ணீரில் கரைந்து போய்க்கொண்டிருந்தது.

அப்போது நாவல் மர உச்சியில் கடம்பனின் எச்சரிக்கைக் கூச்சல் எழுந்தது. நொச்சியின் அலறலைக் கேட்டு வந்தவன் பூனையைக் கண்ணாலேயே பார்த்துவிட்டான்! அவனைத் தொடர்ந்து மந்திகள் கத்தின. மயில்கள் அகவின. காடு முழுக்க ஒரே ஆரவாரம். எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்ட பூனைக்கு அங்கே இனி என்ன வேலை? அது அவசரப்படவே இல்லை. கால்களை ஒவ்வொன்றாக நக்கித் துடைத்துக்கொண்டு நாணலுக்குள் போய் மறைந்தது. அதற்குப் பிறகு அதை யாரும் அங்கே பார்க்கவில்லை. அது செத்துப்போனதாகவும் யாரும் கேள்விப்படவில்லை.

நொச்சியும் குன்றியும் கரையேறினார்கள். நொச்சிக்கு ஒரு கால் தரையில் ஊன்றவில்லை.

எல்லோரும் வேர்க்குகையைச் சுற்றி நின்றார்கள். கடம்பன்தான் உள்ளே போனான். உள்ளே கோழிக்குஞ்சின் இறகுகள் இருந்தன. கொஞ்சம் முயல் ரோமம் இருந்தது. பூனை தூக்கி வந்து வைத்திருந்த ஒரு தேக்கிலையும் இருந்தது. அதில் வட்டம் போட்ட தடங்கள் பல. துத்தியின் தடத்தின் மேலும் கோழிக்குஞ்சின் தடத்தின் மேலும் குறுக்கே ஒவ்வொரு கீறல். மூன்றாவது கீறல் பாதியில் நின்றிருந்தது. பூனை அடுத்துக் குறிவைத்திருந்த அந்தத் தடம், கடம்பனின் மகள் சிட்டுவுடையது.

கடம்பன் இலையை வாயில் கவ்வியபடி வெளியே வந்தான். அன்று பொழுது சாய்வதற்குள் ஏழு பெட்டிகளையும் கடித்துத் துண்டு துண்டாக்கி ஏரியில் போட்டான். மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டேதான் எல்லாவற்றையும் செய்தான்.

கூட்டம் நொச்சியைச் சுற்றிக்கொண்டது. "நீதான் எங்க கண்ணைத் திறந்தே!" என்றது ஒரு மந்தி. "உன்னைப்போல ஒரு தாய் உண்டா!" என்றது மயில். சாம்பி அவள் காயத்தில் பச்சிலை வைத்துக் கட்டினாள்.

கோரை எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தாள். வாயில் அந்த முயல் ரோமம் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு நொச்சியின் முன்னால் உட்கார்ந்தாள்.

"நகமில்லாத தடம்னு அன்னிக்கு ஒண்ணு சொன்னியே. அது பூனைதான்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

பொய் சொல்ல நொச்சிக்கு வாய் வரவில்லை.

"தெரியும். நிச்சயமாத் தெரியாது. ஆனா தெரியும்."

"உன் பிள்ளையை மறுநாளே வீட்டிலே வெச்சுக்கிட்டே."

"ஆமா."

"என் பிள்ளை அதுக்கப்புறம் ரெண்டு நாள் போனான்டி. உன் வாசலைத் தாண்டித்தான் போனான். உன் பிள்ளையைக் கேலி பண்ணிக்கிட்டே போயிருப்பான். நீ உள்ளே இருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?"

நொச்சி தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னேன் கோரை. நீங்க எல்லாரும்…"

"சிரிச்சோம். நான்தான் ரொம்பச் சிரிச்சேன். அது என் பாவம், அதை நான் சுமந்துக்கறேன்." கோரையின் குரல் உயரவே இல்லை. "சிரிச்சா என்னடி? என் காதைக் கடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் அந்தத் தடத்தைக் காட்டியிருக்கலாமே? இன்னிக்கு ஏரி அதிரக் கத்தினியே. இந்தத் தொண்டை அன்னிக்கும் உன்கிட்டேதானே இருந்துச்சு?"

நொச்சிக்குப் பின்னால் குன்றி அவளோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அந்தச் சின்ன உடம்பின் சூடு அவள் காயத்தில் பட்டுக்கொண்டிருந்தது. கோரை அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உன் பிள்ளை நல்லா இருக்கட்டும்," என்றாள். பிறகு அந்த ரோமத்தை ஒரு மயிரிழைகூடச் சிந்தாமல் வாயில் எடுத்துக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் தன் வளைக்குப் போனாள்.

பிள்ளைகளுக்கு வரும் ஆபத்தைக் கண்டவர் ஊர் கேலி செய்யுமே என்று குரலைத் தாழ்த்தினால், அதற்கு அடுத்த வீட்டுப் பிள்ளை உயிரைக் கொடுக்க நேரும்.